சூதாட்ட நகரிலே தூய காற்றைத் தேடி

காற்றுக்குப் பஞ்சமில்லாத ஊர் எமது புளியங்கூடல். யாழ்ப்பாணப் பட்டினத்திலிருந்து பண்ணைத் தாம்போதியைக் கடந்து, இருமருங்கும் பரவைக் கடல் விரிந்து கிடக்க, வேலணைத் தீவினுள் மேற்கு நோக்கிச் சென்றால், சரவணைக்கும் நாரந்தனைக்கும் அயலிலே பனங்கூடல்களின் நடுவே இச்சிற்றூரைக் காணலாம். மாரியிலே வாடை வீசும். கோடையிலே சோளகம் வீசும். மகாமாரி அம்மன் கோயில் மணியோசையை அயலூர் வரைக்கும் எடுத்துச் செல்வது அக்காற்று. பனையோலையைச் சலசலக்கச் செய்து குழந்தைகளை உறங்க வைப்பதும் அக்காற்றே. கிணற்று நீர் உவராகிப் போன ஆண்டுகள் உண்டு. காற்று உவராகிப் போன நாள் ஒன்றேனும் இருந்ததாக எம்மூரில் எவரும் கூறக் கேட்டதில்லை.

அத்தகைய ஊரிற் பிறந்த நாம், எழுபதாவது வயதிலே, உலகின் மறுபுறத்திலுள்ள ஒரு பெருநகருக்கு விடுமுறையைக் கழிக்கச் சென்று, அங்கே ஒரு பிடி நல்ல காற்றுக்காக நள்ளிரவில் வீதியிலே நின்றோம். அந்தக் கதையைத்தான் இங்கே எழுத முற்படுகின்றோம். பிள்ளைகளோடு வெளிநாட்டுப் பயணம் செய்ய எண்ணும் குடும்பத்தினருக்கு இது பயன்படலாம். அதற்கு மேலாக, எம் மனத்திலே நெடுநாளாகக் கிடந்த ஒரு கணக்கையும் இதனாலே தீர்த்துக்கொள்ள விரும்புகின்றோம்.

பாலைவனத்தினூடே

எமது மகன் கலிபோர்னியா மாநிலத்திலே லாஸ் ஏஞ்சலிஸ் நகரை அடுத்து வாழ்கின்றான். 2024 ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில், பேத்தியின் பள்ளி விடுமுறையை ஒட்டி, நாமும் துணைவியாரும் அங்கே தங்கியிருந்தோம். "அப்பப்பாவும் அப்பம்மாவும் இவ்வளவு தூரம் வந்து லாஸ் வேகஸ் பார்க்காமல் போகலாமா?" என்று மகன் கேட்டான். சூது என்றாலே திருவள்ளுவர் ஓர் அதிகாரம் முழுவதும் செலவிட்டு எச்சரித்திருப்பது எம் நினைவுக்கு வந்தது. "நாங்கள் சூதாடப் போகவில்லை, அப்பா, ஒளிவிளக்குகளையும் நீரூற்றுகளையும் மலைகளையும் பார்க்கத்தான் போகிறோம்" என்று அவன் சமாதானம் கூறினான். பேத்தி அதற்குள் தன் சிறு பையை அடுக்கி முடித்துவிட்டாள். எட்டு வயதுப் பிள்ளையின் பை நிறைந்துவிட்டதென்றால் அதன்பின் பெரியோருக்கு அபிப்பிராயம் ஏது?

அப்பையிலே ஒரு பொருளை மட்டும் மருமகள் தன் கையாலே வைத்தாள். அது இன்ஹேலர் எனப்படும் உறிஞ்சுமருந்து. பேத்திக்கு மூன்று வயது முதல் தொய்வு நோய் உண்டு. புகையும் தூசும் அவளுக்கு ஆகா என்று மருத்துவர் கண்டிப்பாகச் சொல்லியிருக்கின்றார்.

லாஸ் ஏஞ்சலிஸிலிருந்து லாஸ் வேகஸ் ஏறத்தாழ 270 மைல். மோட்டார் வண்டியில் நான்கைந்து மணி நேரப் பயணம். வழி முழுவதும் மொஹாவிப் பாலைவனம். பச்சை என்பது பேருக்கும் இல்லாத அந்நிலத்திலே பேக்கர் என்றொரு சிறிய தரிப்பிடம் வரும். அங்கே 134 அடி உயரமான ஒரு வெப்பமானியை நிறுத்தியிருக்கின்றார்கள். அருகிலுள்ள மரணப் பள்ளத்தாக்கிலே 1913 ஆம் ஆண்டில் பதிவான 134 பாகை பாரன்ஹைட் வெப்பத்தின் நினைவாக அவ்வுயரம் கொடுக்கப்பட்டதாம்.

இன்னும் ஒரு மணி நேரம் சென்றதும் மாநில எல்லை. கலிபோர்னியா முடிந்து நெவாடா தொடங்குகின்றது. எல்லைக் கோட்டைத் தாண்டியவுடனேயே பாலைவனத்தின் நடுவே சூதாட்ட விடுதிக் கட்டிடங்கள் எழுந்து நிற்கின்றன. மண்ணிலே யாதொரு வேறுபாடுமில்லை. சட்டத்திலே பெரும் வேறுபாடு உண்டு. கலிபோர்னியாவிலே 1995 ஆம் ஆண்டு முதல் உணவகங்களிலும், 1998 ஆம் ஆண்டு முதல் மதுச்சாலைகளிலும் புகைத்தல் தடுக்கப்பட்டிருக்கின்றது. அதனால் எம் பேத்தி பிறந்தது முதல் கூரையின் கீழே சிகரெட் புகையைக் கண்டதே இல்லை. அந்தக் கோட்டைத் தாண்டும்பொழுது இதனை நாம் நினைத்துப் பார்த்திருக்க வேண்டும், நினைக்கவில்லை.

புல்வெளி என்னும் நகரம்

லாஸ் வேகஸ் என்றால் ஸ்பானிய மொழியிலே புல்வெளிகள் என்று பொருள். பாலைவனத்தின் நடுவே ஊற்றுநீர் கண்ட பயணிகள் இட்ட பெயர் அது. 1905 ஆம் ஆண்டு மே மாதம் 15 ஆம் நாள் புகையிரதப் பாதையை அடுத்த காணிகளை ஏலத்தில் விற்றதோடு நகரம் பிறந்தது. 1931 ஆம் ஆண்டிலே நெவாடா மாநிலம் சூதாட்டத்தைச் சட்டபூர்வமாக்கிற்று. அதே ஆண்டில் அருகேயுள்ள கொலராடோ ஆற்றிலே ஹூவர் அணைக்கட்டின் வேலையும் தொடங்கியது. அணை நீரும் மின்னும் தந்தது. சூது பணம் தந்தது. இன்று ஆண்டுதோறும் ஏறத்தாழ 4 கோடி மக்கள் அந்நகருக்கு வருகின்றார்கள்.

அந்தி மயங்கும் வேளையிலே நாம் நகருக்குள் நுழைந்தோம். விளக்குகளின் சோதியை வருணிக்கச் சொற்கள் போதா. நல்லூர்த் தேர்த் திருவிழாவின் விளக்குகளையெல்லாம் ஆயிரமாகப் பெருக்கி ஒரே வீதியிலே கொட்டினாற்போல இருந்தது. "கோயில் எங்கே, அப்பப்பா?" என்று பேத்தி கேட்டாள். இத்தனை விளக்குக்கும் நடுவே கோயில் ஒன்று இருக்கத்தான் வேண்டும் என்பது பிள்ளையின் நியாயம்.

நாம் இடம் பதிவு செய்திருந்த விடுதி பெரியது, மலிவானது, படங்களிலே அழகானது. வரவேற்பு மண்டபத்திலே பெயர் கொடுத்துச் சாவி பெற்றோம். "மின்தூக்கி எங்கே?" என்று மகன் கேட்க, "நேரே உள்ளே சென்று இடப்புறம் திரும்புங்கள்" என்றார்கள். நேரே உள்ளே என்பது சூதாட்டக் கூடம்.

அந்நகரின் பெரும்பாலான விடுதிகள் அவ்வாறுதான் அமைக்கப்பட்டிருக்கின்றன. அறைக்குப் போகவும், உணவுக்குப் போகவும், குளிக்கும் தடாகத்துக்குப் போகவும் சூதாட்டக் கூடத்தைக் கடந்தே ஆக வேண்டும். கடக்கும் ஒவ்வொரு முறையும் ஒருவர் அமர்ந்துவிட மாட்டாரா என்பது கட்டியவர்களின் நம்பிக்கை. இருபத்தொரு வயதுக்குக் குறைந்தோர் அக்கூடத்திலே நின்று பார்க்கவும் ஆகாது. ஆனால் நடந்து கடக்கலாம். ஆகவே எம் பேத்தியின் கையைப் பிடித்துக்கொண்டு, ஆயிரம் பொறிகள் கணகணவென்று ஒலிக்கும் அம்மண்டபத்தினூடே விரைந்து நடந்தோம். பொறிகளின் முன்னே இருந்தவர்களில் பலர் கையிலே சிகரெட். சிலர் கையிலே தடித்த சுருட்டு. மேலே குளிர்காற்றுப் பொறிகள் இரைந்துகொண்டிருந்தன. கீழே நீலப் புகை மெல்லிய சல்லாத் துணி போலத் தொங்கிற்று.

அந்தச் சுருட்டின் வாசனை எம் மூக்கில் ஏறியபொழுது ஒரு கணம் மனம் மகிழ்ந்தது என்பதை மறைக்க மாட்டோம். அது எம் தந்தையாரின் வாசனை. அடுத்த கணமே பேத்தி இருமினாள்.

நள்ளிரவு

அறை புகைத்தல் தடுக்கப்பட்ட அறைதான். கதவிலே அடையாளமும் இருந்தது. ஆனால் புகைக்கு எழுத்து வாசிக்கத் தெரியாதே! தாழ்வாரத்திலிருந்து கதவின் கீழ் இடுக்கினூடே வந்தது. முன்னொருகாலம் தங்கியவர்கள் விட்டுச் சென்ற வாடை திரைச்சீலையிலும் கம்பளத்திலும் ஊறிக் கிடந்தது. இரவு உணவுக்காக மீண்டும் இருமுறை அக்கூடத்தைக் கடந்தோம்.

நள்ளிரவு கடந்த வேளையிலே மருமகளின் குரல் கேட்டு விழித்தோம். பேத்தி படுக்கையிலே நிமிர்ந்து இருந்தாள். தோள்கள் ஏறியிறங்கின. "அப்பப்பா, நெஞ்சு இறுகுது" என்றாள். மருத்துவர் எழுதிக் கொடுத்த முறைப்படி மகன் மருந்தைக் கொடுத்தான். சில நிமிடங்களில் மூச்சுச் சற்றே இளகிற்று. அதன்பின் அவளைப் போர்த்துத் தூக்கிக்கொண்டு, அதே கூடத்தினூடே, இம்முறை ஈரத் துணியால் மூக்கை மூடி, வெளியே வீதிக்கு வந்தோம். பாலைவனத்து இரவுக் காற்று குளிர்ந்தும் வறண்டும் இருந்தது. ஒரு கல் இருக்கையிலே மருத்துவமனைக்குப் போவதா வேண்டாவா என்று பார்த்தபடியே ஒரு மணி நேரம் இருந்தோம். பிள்ளையின் மூச்சு சீராகி அவள் உறங்கிய பிறகே எமக்கு மூச்சு வந்தது.

அந்த ஒரு மணி நேரத்திலே எம் நினைவு புளியங்கூடலுக்குப் போய்விட்டது.

எமக்கு ஒரு தங்கை இருந்தாள். அவளுக்கும் தொய்வு. 1960 ஆம் ஆண்டுகளிலே உறிஞ்சுமருந்தை எம் தீவிலே யார் கண்டார்? அவள் இரவு முழுவதும் தலையணையை மடியிலே வைத்து அதன்மேல் கவிழ்ந்தபடி இருப்பாள். ஆச்சி நெஞ்சிலே எண்ணெய் தடவுவார். எம் தந்தையார் மனம் பொறாமல் திண்ணைக்கு வந்து அமர்வார். அமர்ந்து என்ன செய்வார்? கவலை தீரச் சுருட்டைப் பற்றவைப்பார். தங்கை படுத்த அறையின் யன்னல் அத்திண்ணையை நோக்கியே திறந்திருந்தது.

அவரிடம் அன்பு குறைவாக இருந்ததென்று எவரும் எண்ணற்க. பிள்ளைக்காக உயிரையும் கொடுப்பார். புகைக்கும் தொய்வுக்கும் உள்ள தொடர்பை அவருக்குச் சொல்ல ஒருவருமில்லை. சொல்லக்கூடியவராக நாமும் அன்று இல்லை. தங்கை இன்று இல்லை. அவளுடைய முதுகின் ஏற்ற இறக்கத்தை, அறுபது ஆண்டுகள் கழித்து, அயல்நாட்டு வீதியிலே எம் பேத்தியின் முதுகிலே மீண்டும் கண்டோம்.

புகையை எல்லைக்குள் நிறுத்த முடியுமா?

மறுநாட் காலை முதல் வேலையாக மகன் வேறு விடுதி தேடினான். முன்பணத்தில் ஒரு பகுதி போயிற்று, போகட்டும். அன்று நாம் அறிந்துகொண்டவற்றைச் சுருக்கமாகக் கூறுவோம்.

நெவாடா மக்கள் 2006 ஆம் ஆண்டு நவம்பரிலே வாக்களித்து ஒரு சட்டத்தை நிறைவேற்றினார்கள். பள்ளிகள், கடைகள், உணவகங்கள் முதலிய உள்ளிடங்களிலே புகைத்தலை அது தடுத்தது. ஆனால் சூதாட்டக் கூடங்களுக்கு விலக்கு அளித்தது. காரணம் வெளிப்படை. புகைப்பவர் வெளியே போனால் ஆட்டம் முறியும். முறிந்த ஆட்டத்துக்கு அவர் மீண்டும் வராமலும் போகலாம். அதே 2006 ஆம் ஆண்டிலே நியூ ஜெர்சி மாநிலமும் சட்டம் இயற்றி, அத்திலாந்திக் நகரத்துச் சூதாட்டக் கூடங்களுக்கு அவ்வாறே விலக்குக் கொடுத்தது. எமது இலங்கையிலே புகையிலை, மதுசாரம் பற்றிய 27 ஆம் இலக்கச் சட்டம் நிறைவேறியதும் அதே ஆண்டிலேதான் என்பது வியப்பன்றோ? மூடிய பொதுவிடங்களில் புகைத்தலையும், இருபத்தொரு வயதுக்குக் குறைந்தோருக்குப் புகையிலைப் பொருள் விற்பதையும் அச்சட்டம் குற்றமாக்கிற்று.

அப்படியாயின் உணவகம் தனி, கூடம் தனி என்று பிரித்தால் போதாதா? போதாது என்கின்றது விஞ்ஞானம். அமெரிக்காவின் தலைமை மருத்துவ அதிகாரி 2006 ஆம் ஆண்டிலே வெளியிட்ட அறிக்கை இதனை ஐயந்திரிபறக் கூறிற்று. பிறர் விடும் புகையிலே தீங்கற்ற அளவு என ஒன்று இல்லை. புகைப்பவரை ஒரே கட்டிடத்தில் வேறிடத்தில் இருத்துவதாலோ, காற்றை வடிப்பதாலோ, விசிறிகளாலோ அதனை முற்றும் நீக்க இயலாது. புகையின் துகள் மிக நுண்ணியது. காற்றோடு காற்றாய் மிதந்து செல்வது. கதவில்லாத உணவகத்துக்கும் கூடத்துக்கும் இடையே சட்டம் ஒரு கோடு கிழிக்கலாம். புகை அக்கோட்டைக் காணாது. ஒரு கேணியின் ஒரு மூலையை மட்டும் கலக்கிவிட்டு, மறு மூலையிலே தெளிந்த நீரை அள்ள முடியுமா?

ஆகவே காக்கும் வழிகள் இரண்டே. ஒன்று, புகை பிறவாத கட்டிடம். மற்றது, திறந்த வெளி.

நாம் கண்ட வழி

அந்நகரின் பெருவீதியிலே பார்க் எம்.ஜி.எம். என்னும் விடுதி உண்டு. 2020 ஆம் ஆண்டு செப்டெம்பர் மாத இறுதியிலே அது மீளத் திறக்கப்பட்டபோது, அவ்வீதியிலே சூதாட்டக் கூடம் உட்பட முழுவதும் புகையற்றதாக அமைந்த முதல் விடுதியாயிற்று. சூதாட்டக் கூடமே இல்லாத, முழுவதும் புகையற்ற விடுதிகளும் உண்டு. 2009 ஆம் ஆண்டிலே திறக்கப்பட்ட விடாரா அத்தகையது. நாம் முன்னதற்கு மாறினோம். அதன் கூடத்திலும் பொறிகள் ஒலித்தன, ஆட்டம் நடந்தது, மக்கள் தோற்றார்கள், சிலர் வென்றார்கள். ஆனால் காற்று காற்றாக இருந்தது. பேத்தி இருமாமல் அதனைக் கடந்தாள்.

பிள்ளைகளோடு செல்வோர் கவனிக்க வேண்டியவை சில உள. அறை புகையற்றதா என்று மட்டும் கேளாதீர்கள். கட்டிடம் புகையற்றதா என்று கேளுங்கள். வரவேற்பிடத்திலிருந்து மின்தூக்கிக்குச் செல்லும் வழி எது என்று முன்னரே விசாரியுங்கள். சூதாட்டக் கூடத்தை நோக்கித் திறந்திருக்கும் உணவகத்தை விட்டு, வீதியை நோக்கிய வாயிலுள்ள உணவகத்தை நாடுங்கள். கூடத்தைக் கடந்தே ஆக வேண்டுமாயின் கூட்டம் குறைந்த காலை வேளையிலே கடவுங்கள். மருந்தைப் பெட்டியில் இடாமல் கைப்பையில் வைத்திருங்கள். அண்மையிலுள்ள மருத்துவமனை எது என்பதைப் போய் இறங்கிய அன்றே அறிந்துகொள்ளுங்கள். எல்லாவற்றினும் மேலாக, பிள்ளை இருமினால் "சற்றே பொறு" என்று சொல்லாதீர்கள். அச்சொல்லை நாம் அந்த முதல் மாலையிலே இருமுறை சொன்னோம்.

அதன்பின் வந்த மூன்று நாட்களும் இன்பமாகவே கழிந்தன. பெலாஜியோ விடுதியின் முன்னேயுள்ள ஏரியிலே இசைக்கு ஏற்ப ஆடும் நீரூற்றுகளைக் கண்டோம். திறந்த வெளிதான், ஆனாலும் அங்கே கூடும் கூட்டத்திலே புகைப்போர் பலர். சட்டம் அங்கே உதவாது; தீவு மக்களின் பழைய அறிவு உதவிற்று. ஓடம் வலிப்பவனைப் போலக் காற்று எப்பக்கமிருந்து வருகின்றது என்று முகத்தாலே பார்த்து, மேற்காற்றுப் பக்கமாகப் பிள்ளையை நிறுத்தினோம். நீர் நூலாக எழுந்து, பூவாக விரிந்து, புகையாக மறைந்தபொழுது அவள் கைகொட்டினாள். அந்தப் புகையால் எவருக்கும் தீங்கில்லை.

ஒரு நாள் நகருக்கு மேற்கே 17 மைல் தொலைவிலுள்ள சிவந்த பாறைப் பள்ளத்தாக்குக்குச் சென்றோம். 13 மைல் நீளமான வளைவுப் பாதை அம்மலைகளைச் சுற்றி வருகின்றது. குங்குமத்தைக் குழைத்துப் பூசினாற்போன்ற பாறைகள். அவற்றின் மேலே களங்கமற்ற வானம். வண்டியை நிறுத்தி இறங்கியதும் பேத்தி கைகளை அகல விரித்து ஒரு பெருமூச்சு இழுத்தாள். ஒளிவிளக்கு நகரம் முழுவதிலும் எமக்குக் கிடையாத காட்சி அது. மறுநாள் ஹூவர் அணைக்கட்டு. 726 அடி உயரமான அக்கற்காரைச் சுவரின் மேலே நின்று கீழே பார்த்தபோது, எம்மூரிலே ஒரு குடம் நன்னீருக்காகப் பெண்கள் நடந்த தூரத்தைத் துணைவியார் நினைவுகூர்ந்தார்.

எழுந்து போக முடியாதவர்

விடுதிகளுக்கிடையே ஓடும் சிறு மின்வண்டிக்காகக் காத்திருந்தபோது, சூதாட்ட மேசையிலே சீட்டுப் பகிரும் தொழில் செய்யும் ஓர் அம்மையார் எம்மருகே அமர்ந்தார். பத்தொன்பது ஆண்டுகள் அத்தொழிலிலே கழித்தவராம். பேத்தியின் கையிலிருந்த மருந்தைப் பார்த்துப் பேச்சுக் கொடுத்தார். மகன் எமக்கு மொழிபெயர்த்தான்.

"நான் ஒருநாளும் சிகரெட்டைத் தொட்டதில்லை. ஆனாலும் வேலை முடிந்து வீட்டுக்குப் போனால், முதலில் என் சட்டையை வெளியே போடும்படி பிள்ளைகள் சொல்வார்கள். விளையாடுகிறவர் எழுந்து போகலாம். உங்கள் பேத்தியை நீங்கள் வேறு விடுதிக்குக் கொண்டு போகலாம். நாங்கள் மேசையை விட்டு எழுந்து போக முடியாது."

எம் பயணத்திலே கேட்ட சொற்களில் எம்மை மிகவும் வருத்தியவை இவை. நாம் நான்கு நாட்களுக்கு அஞ்சியதை அவர்கள் நாள்தோறும் எட்டு மணி நேரம் அனுபவிக்கின்றார்கள். அத்திலாந்திக் நகரத்துச் சூதாட்டக் கூடத் தொழிலாளர்கள் அந்த 2024 ஆம் ஆண்டிலேயே தமது மாநிலம் கொடுத்த விலக்கை எதிர்த்து நீதிமன்றம் சென்றார்கள். அவர்கள் கேட்டது கூலி உயர்வன்று. பிற தொழிலாளருக்குக் கிடைக்கும் அதே காற்று. மக்காவு நகரத்திலே 2019 ஆம் ஆண்டு தொடக்கம் முதல் சூதாட்ட மேசையருகே புகைத்தல் நிறுத்தப்பட்டு, தனி அறைகளுக்குள் மட்டும் அனுமதிக்கப்பட்டிருக்கின்றது. ஆகவே இது இயலாத காரியமும் அன்று.

எமது கணக்கு

இவ்வளவும் எழுதிவிட்டு, புகையிலையைப் பழித்து, கைகழுவி முடித்துவிட எமக்கு உரிமை உண்டா? இல்லை. ஏனெனில் நாம் உண்ட சோறு புகையிலைச் சோறு.

யாழ்ப்பாணப் புகையிலை பத்தொன்பதாம் நூற்றாண்டிலே திருவிதாங்கூர்ச் சந்தை வரைக்கும் புகழ் பெற்றிருந்தது. எம் தீவின் தோட்டங்களிலும் அதுவே பணப்பயிர். மாரி மழை ஓய்ந்ததும் கன்று நடுவார்கள். விடியுமுன் துலா மிதித்துப் பட்டையால் நீர் இறைப்பார்கள். ஒவ்வொரு கன்றையும் பிள்ளையைப் பார்ப்பதுபோலப் பார்ப்பார்கள். வெட்டிய இலையைக் குடிலிலே கட்டித் தூக்கி, தேங்காய்ப் பொச்சு எரித்துப் புகையூட்டுவார்கள். பின்னர் பாடம் போடுவார்கள். சுருட்டுக் கொட்டிலிலே பலர் வரிசையாக இருந்து சுருட்டுச் சுற்ற, ஒருவர் மட்டும் உரத்த குரலிலே பத்திரிகை வாசிப்பார். உலகச் செய்தியும் தொடர்கதையும் எம்மூருக்கு அவ்வழியாலே வந்தன. ஞாயிற்றுக்கிழமைப் பத்திரிகையை நாம் முதன்முதலிற் கேட்டதும் அக்கொட்டில் வாசலிலேதான். மாமனார் ஒருவர் தென்னிலங்கையிலே சுருட்டுக் கடை வைத்திருந்தார். எமது பள்ளிக்கூடக் கட்டணம் அக்கடையிலிருந்து வந்தது.

ஆகவே அந்த இலையை வளர்த்தவர்களைக் குற்றம் கூற மாட்டோம். அவர்கள் அறியாமற் செய்தார்கள். சிகரெட்டுக்கும் நுரையீரற் புற்றுநோய்க்கும் உள்ள தொடர்பைப் பிரித்தானிய ஆய்வாளர்கள் எடுத்துக்காட்டியது 1950 ஆம் ஆண்டில். அமெரிக்க அரசின் புகழ்பெற்ற அறிக்கை வெளிவந்தது 1964 ஆம் ஆண்டில். புகைப்பவரின் மனைவியரையும் அப்புகை தாக்குகின்றது என யப்பானிய ஆய்வு ஒன்று காட்டியதோ 1981 ஆம் ஆண்டில். எம் தந்தையார் திண்ணையில் இருந்த காலத்திலே, அந்த யன்னலைப் பற்றி உலகமே அறிந்திருக்கவில்லை.

நாம் அறிவோம். அதுவே வேறுபாடு. அறிந்த பின்னும் யன்னலருகே புகைத்தால், அறிந்த பின்னும் மேசையருகே புகைக்கவிட்டுச் சட்டத்திலே விலக்கு எழுதினால், அதற்கு அறியாமை என்று பெயரில்லை.

எம் மக்கள் இதனை உணராதவர்கள் அல்லர். 2017 ஆம் ஆண்டளவில் இலங்கை முழுவதும் நூற்றுக்கு மேற்பட்ட ஊர்களிலே வணிகர்கள் தாமாகவே சிகரெட் விற்பனையை நிறுத்தினார்கள். அவற்றுள் எந்த மாவட்டத்திலும் பார்க்க யாழ்ப்பாண மாவட்டத்து ஊர்களே மிகுதி என்று அறிவிக்கப்பட்டது. புகையிலையால் வாழ்ந்த மண்ணிலேயே இது நிகழ்ந்தது என்பதை எண்ணும்போது எமக்குப் பெருமை உண்டாகின்றது.

சோளகம் வீசும் காலம்

சென்ற 2025 ஆம் ஆண்டு ஆடி மாதத்திலே பேத்தி முதன்முறையாகப் புளியங்கூடலுக்கு வந்தாள். கோயிலுக்கும் கடற்கரைக்கும் ஓடினாள், பனங்காய் பொறுக்கினாள். வந்த மூன்றாம் நாள் மதிய போசனத்தின் பின்னே, அயல்வீட்டுப் பெரியவர் ஒருவர் வழக்கம்போல எமது திண்ணைக்கு வந்து அமர்ந்தார். எம்மிலும் பத்து வயது மூத்தவர். இளமையிலே சுருட்டுக் கொட்டிலில் வேலை செய்தவர். மடியிலிருந்து சுருட்டை எடுத்தார். அறுபது ஆண்டுகளாகச் சொல்லாத சொல் எம் தொண்டைவரை வந்து நின்றது.

"அண்ணை, குறை நினைக்க வேண்டாம். பிள்ளைக்குத் தொய்வு" என்றோம்.

அவர் யன்னலை ஒருமுறை பார்த்தார். உள்ளே படம் வரைந்துகொண்டிருந்த பிள்ளையையும் பார்த்தார். ஒன்றும் பேசவில்லை. சால்வையைத் தோளிலே போட்டுக்கொண்டு எழுந்தார். சோளகம் தென்மேற்கிலிருந்து வீசிக்கொண்டிருந்தது. முற்றத்தைக் கடந்து, வளவின் வடகிழக்கு மூலையிலுள்ள வேம்பின் கீழே போய் நின்று, காற்றுக்கு முதுகு காட்டிச் சுருட்டைப் பற்றவைத்தார். புகை வேலியைத் தாண்டிக் கடற்பக்கமாகப் போயிற்று.

உள்ளே யன்னல் திறந்தபடியே இருந்தது.